தாயின் பொழுதும் தமிழ்ப் படைப்பும்

தெப்ராவில் திங்கள்தோறும் கூடும் சிறு வாசகர் வட்டம் ஒன்றில், சில மாதங்களுக்கு முன், இளம் தமிழாசிரியை ஒருவர் ஒரு வினாவை எழுப்பினார். அவருடைய சிறுகதைகள் சிலவற்றை நான் முன்பே படித்திருந்தேன், நல்ல கை. "இரண்டாவது பிள்ளை பிறந்தபின் ஒரு வரியும் எழுதவில்லை, ஐயா. எழுதும் மனம் போகவில்லை, பொழுதுதான் போய்விட்டது. நமக்கு முன்னே பிள்ளை வளர்த்துக்கொண்டே எழுதிய தமிழ்ப் பெண்கள் எப்படி எழுதினார்கள்?" என்று கேட்டார். கூட்டத்தில் ஒருவர், "மனமிருந்தால் மார்க்கமுண்டு, டீச்சர்" என்றார். பலரும் தலையசைத்தோம். நானும் அசைத்தேன். ஆசிரியை சிரித்துக்கொண்டே, பிள்ளையை அழைத்து வரும் நேரமாயிற்று என்று எழுந்து சென்றார்.

அவர் கேட்டது மனத்தைப் பற்றியதன்று. இலக்கிய வரலாற்றைப் பற்றியது. அதற்குப் பழமொழியை விடையாகக் கொடுத்தது பிழை. அவர் கேட்டவாறே எடுத்துக்கொண்டு இயன்றவரை விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் நம்மிடம் உள்ளவற்றைப் பார்ப்போம். குழந்தையைப் பாடுவதில் தமிழுக்கு ஈடாக நிற்கும் இலக்கியங்கள் சிலவே. சங்கத்திலேயே அது தொடங்கிவிட்டது. பாண்டியன் அறிவுடை நம்பி, குறுகுறு நடையோடு வந்து, நெய்ச்சோற்றைத் தொட்டும் கவ்வியும் துழாவியும் உடம்பெல்லாம் பூசிக்கொள்ளும் மக்களைப் பெறாதவர்க்கு வாழ்நாள் பயனற்றது என்று புறநானூற்றில் பாடினான். வள்ளுவர் மக்கட்பேற்றில், தம் மக்கள் சிறுகை இட்டுக் கலக்கிய கூழின் இனிமையைச் சொன்னார். பின்னர் ஒட்டக்கூத்தரின் குலோத்துங்கன் பிள்ளைத்தமிழ் தொடங்கி, அச்சிற்றிலக்கியம் பெருகிப் படர்ந்தது. அதன் முடிமணியாகிய மதுரை மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழைப் பாடியவர் குமரகுருபரர். அவர் துறவி.

குறை கூறுவதற்காக இதை எழுதவில்லை. பாடல்கள் அருமையானவை. ஆயினும் ஒன்றை நோக்க வேண்டும். சோற்றை மேலெல்லாம் பூசிக்கொண்ட குழந்தையைக் கண்டு மகிழ்ந்து பாடியவர், அக்குழந்தையைக் கழுவியவர் அல்லர். கழுவியவள் என்ன பாடினாள் என்பது நமக்கு ஏட்டில் வரவில்லை. பெரியாழ்வாரை மட்டும் ஓரளவு விலக்கிச் சொல்லலாம். துளசி வனத்தில் கண்டெடுத்த மகளைத் தாமே வளர்த்தார் என்று மரபு கூறுகிறது. கண்ணனைத் தாயாக நின்று அவர் பாடும்போது காது குத்துவதும் நீராட்டுவதும் பூச்சூட்டுவதும் நாட்பணியின் நுணுக்கத்தோடு வருவதற்கு அதுவும் ஒரு காரணம் போலும்.

பெண்பாற் புலவர் பக்கம் திரும்பினால் வேறொரு காட்சி. இடைக்காலத்துக்கு முன்பு நம் நாவில் உடனே வரும் பெயர்கள் மூன்று: ஔவையார், காரைக்கால் அம்மையார், ஆண்டாள். இம்மூவருள் பிள்ளை வளர்த்த தாய் என்று நாம் அறிந்தவர் ஒருவரும் இலர். ஔவையார் மணத்தினின்று தப்பவே முதுமையை வரமாகப் பெற்றார் என்பது கதை. அம்மையார், கணவன் விலகியபின் பேயுருவை வேண்டிப் பெற்றார். ஆண்டாள் அரங்கனிடம் சென்று கலந்தார். வரலாறாகக் கொள்வதா புராணமாகக் கொள்வதா என்ற வினா இங்குத் தேவையில்லை. பாடும் பெண் பிள்ளை வளர்ப்பவளாக இருக்க இயலாது என்று தமிழ்ச் சமுதாயம் நெடுங்காலம் கருதியது என்பதே இக்கதைகள் காட்டுவது. பாட்டுக்கு இடம் செய்ய, கதை அவளை முதியவளாக்கிற்று, பேயாக்கிற்று, தெய்வத்தோடு சேர்த்தது. வீட்டில் வைத்துக்கொண்டே பாடவிடும் வழி அதற்குத் தோன்றவில்லை.

பொன்முடியாரின் புறப்பாட்டு ஒன்று இங்கே நினைவுக்கு வரும். தாய், தந்தை, கொல்லன், வேந்தன், மகன் என ஐவருக்கும் ஒவ்வொரு கடனாக வகுத்துரைக்கும் அப்பாட்டை மறக்குடி மாண்பு காட்டவே வகுப்பில் நடத்தி வருகிறோம். நானும் முப்பது ஆண்டு அப்படித்தான் நடத்தினேன். இப்போது படிக்கையில் வேறொன்று கண்ணிற் படுகிறது. ஐந்து கடன்களுக்கும் ஏறக்குறைய ஒரே அளவு இடம். கொல்லன் வேல் வடிப்பதற்கு எத்தனை நாள் ஆகும்? தாய் ஈன்று வளர்ப்பதற்கு எத்தனை ஆண்டு? பாட்டு இரண்டையும் ஒரே தட்டில் வைத்து நகர்ந்துவிடுகிறது. புலவர் தாமே தாயா என்று துணிய வழியில்லை.

சரி, ஏட்டில் வராத தாய் எங்கே பாடினாள்? தாலாட்டில் என்று யாவரும் சொல்வர். ஆனால் தாலாட்டைப் பற்றி நம் நூல்கள் கூறுவன பெரும்பாலும் பொருளைப் பற்றியவை: மாமன் சீர், குலப்பெருமை, பிள்ளைவரம். அதன் வடிவத்தைப் பற்றிப் பேசினோர் குறைவு. அவ்வடிவத்தில்தான் ஆசிரியையின் வினாவுக்கு முதல் விடை இருக்கிறது என்பது என் கருத்து.

தாலாட்டு எப்போது முடியும் என்பது பாடுபவள் கையில் இல்லை. குழந்தை கண் மூடினால் முடிந்தது. நான்கு கண்ணியிலும் முடியலாம், நாற்பதிலும் முடியலாம். ஆகவே ஒவ்வொரு கண்ணியும் தன்னளவில் நிறைவுற்றதாக இருந்தே ஆகவேண்டும். எந்த இடத்தில் அறுந்தாலும் பாட்டு குறைபடாது. மறுநாள் அறுந்த இடத்திலிருந்து தொடங்க வேண்டிய கட்டாயமும் இல்லை. இனி, அதன் உள்ளமைப்பு. குழந்தையை அடித்தவர் யார் என்று கேட்டுக்கொண்டு, மாமனா, அத்தையா, பாட்டியா என்று ஒவ்வொருவராக அடுக்குவது நாமறிந்ததே. சட்டம் ஒன்றே, நடுவில் நிற்கும் சொல் மட்டும் மாறும். களைத்த மனத்துக்கு அச்சட்டம் ஓர் ஊன்றுகோல். புதிதாக ஒன்றும் தோன்றாத இரவில் பழைய சொற்களாலேயே சட்டத்தை நிரப்பலாம். தோன்றிய இரவில் அதே சட்டத்துக்குள் மாமியார் சொன்ன சுடுசொல்லையும், தாய்வீட்டுக்கு அனுப்பாத குறையையும் நுழைத்துவிடலாம். கேட்பவனுக்குப் பொருள் விளங்காது. அடுத்த அறையில் இருப்பவர்க்கு விளங்கினாலும், "பிள்ளைக்குத்தானே பாடுகிறாள்" என்று விட்டுவிடுவர். கைகள் இரண்டும் ஏணைக் கயிற்றில் இருக்க, வாய் மட்டும் ஓய்ந்திருக்கும் நேரத்துக்கென்றே செய்யப்பெற்ற வடிவம் அது. ஆட்டத்தின் வேகமே தாளம்.

இவற்றை எளிமை என்றும், நாட்டார் மனத்தின் கள்ளமின்மை என்றும் எழுதுவது வழக்கம். எனக்கு அது பொருந்தவில்லை. துண்டு துண்டாகக் கிடைத்த பொழுதை நன்கறிந்த அறிவு, அப்பொழுதுக்கேற்ப ஒரு வடிவத்தைத் தலைமுறை தலைமுறையாகச் செப்பம் செய்து வைத்திருக்கிறது. அந்தாதிக்கும் வெண்பாவுக்கும் இலக்கணம் சொன்ன நாம் இதற்குச் சொல்லவில்லை. மு. அருணாசலத்தின் 'காற்றிலே மிதந்த கவிதை' 1943-இலும், நா. வானமாமலையின் 'தமிழர் நாட்டுப் பாடல்கள்' 1964-இலும் வெளிவந்தன. இப்பெரியோர் தொகுத்திராவிட்டால் எத்தனையோ பாடல்கள் அழிந்திருக்கும்; அவர்களுக்கு நாம் கடன்பட்டவர்கள். எனினும், தொகுத்தோர் பெயரை அறிந்த நமக்கு, பாடியோர் பெயர் பெரும்பாலும் தெரியாது. ஆசிரியை கேட்ட 'முன்னோர்' அந்தப் பெயரில்லாக் கூட்டத்தில்தான் இருக்கிறார்கள்.

இனித் தெப்ராவுக்கு வருவோம். இன்று இங்கே வரிசை வீடுகளும், பேரங்காடிகளும், ஆறு தடச் சாலைகளும். நான் அறிந்த பழைய தெப்ராவ் பால்மரக் காடு. தோட்டத்துத் தாயின் நாள் விடியுமுன்னரே தொடங்கிவிடும். வெயில் ஏறுமுன், குளிர்ந்த வேளையில் வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும். ஆகவே இருளிலேயே எழுந்து, பெரட்டுக்குப் போய், தூங்கும் பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு, உளியும் வாளியுமாக நிரைக்குள் நடக்க வேண்டும். வெட்டி முடித்து, மங்குகளில் வடிந்த பாலைச் சேர்த்து, நிறுவைக்குக் கொண்டுபோய்க் கொடுத்துத் திரும்ப நண்பகல் ஆகிவிடும். பிறகு அடுப்பு, துவைப்பு, பிள்ளை. கொட்டகையில் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டவர் பெரும்பாலும் மரம் வெட்ட இயலாத முதிய பெண்கள். ஒருவர் கையில் பத்துப் பதினைந்து ஏணைகள். எனவே தாய் பாடவேண்டிய தாலாட்டும் இங்கே பாதி ஆயாவிடம் போயிற்று. தமிழகத்துத் தாலாட்டு ஆய்வுகளில் இந்த ஆயாவுக்கு இடமில்லை. மலேசியத் தமிழ் ஆய்வாளர்தாம் இவரைப் பற்றி எழுத வேண்டும். ஒரே பாட்டைப் பதினைந்து பிள்ளைகளுக்குப் பாடும்போது குலப்பெருமை எவ்வாறு மாறிற்று, மாமன் பெயர் என்னவாயிற்று என்பவை நல்ல ஆராய்ச்சிப் பொருள்கள்.

விடியுமுன் பொழுதைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். அமெரிக்க நாவலாசிரியர் டோனி மாரிசன், இரு ஆண்பிள்ளைகளைத் தனியே வளர்த்துக்கொண்டு, பதிப்பகத்திலும் பணியாற்றிக்கொண்டு, பிள்ளைகள் விழிக்குமுன் எழுந்து எழுதினார். அவரது முதல் நாவல் 1970-இல் வந்தது. 1993-இல் நோபெல் பரிசு பெற்றார். எழுத விரும்பும் தாய்மார்க்கு இன்று உலகெங்கும் சொல்லப்படும் அறிவுரை, "அவரைப்போல் விடியுமுன் எழு" என்பதே. போற்றத்தக்க உழைப்புத்தான். ஆனால் தோட்டத்துத் தாய்க்கு அந்தப் பொழுது சொந்தமானதன்று, அது மரத்துக்குரியது. மரங்கள் போனபின்னும் நிலைமை பெரிதும் மாறவில்லை. 1924-இல் திறக்கப்பெற்ற கடற்பாலத்தைக் கடந்து சிங்கப்பூரில் வேலைக்குப் போவோர் இன்றும் தெப்ராவில் இருளிலேயே மோட்டார் சைக்கிளை முடுக்குகிறார்கள். அவர்களுள் தாய்மாரும் உண்டு. ஒரு பெண்ணின் வெற்றியை இன்னொரு பெண்ணுக்கு விதியாக்குமுன், அவளுடைய விடியற்காலை யார் கையில் இருக்கிறது என்று கேட்டுக்கொள்ள வேண்டாவா?

வர்ஜீனியா உல்ஃப் 1929-இல் வெளியிட்ட நூலில், எழுதும் பெண்ணுக்குத் தனியறையும் ஆண்டுக்கு 500 பவுண்டும் வேண்டும் என்றார். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. இன்றைய தெப்ராவ் வரிசை வீட்டில் அறை மூன்று உண்டு. ஆசிரியைக்கு மாதச் சம்பளமும் உண்டு. உள்ளே தாழிட்டுக்கொள்ள முடியாது என்பதுதான் சங்கடம். தாழிட்டால் மூன்று வயதுப் பிள்ளை கதவைத் தட்டும்.

எழுதிய தமிழ்த் தாய்மாருள் வை. மு. கோதைநாயகி அம்மாளை முதலில் நோக்குவோம். 1901-இல் பிறந்தார். ஐந்து வயதிலே மணம். பள்ளி செல்லவில்லை. கதை சொல்லும் திறம் மட்டும் இயல்பாக இருந்தது. முதல் படைப்பாகிய 'இந்திர மோகனா' என்னும் நாடகத்தை அவர் வாயாற் சொல்ல, தோழி பட்டம்மாள் எழுதிக்கொடுத்தார். பின்னர்த் தாமே எழுதப் பழகி, 1925 முதல் 'ஜகன்மோகினி' இதழைத் தாமே நடத்தி, 1960-இல் மறையும்வரை நூற்றுக்கு மேற்பட்ட நாவல்களை எழுதினார். விடுதலைப் போரில் சிறை சென்றபோது அங்கும் நாவல் எழுதினார்.

இவரைப் பற்றிய பாராட்டுரைகளில், "இல்லறக் கடமைகளுக்கிடையே இத்தனையும் சாதித்தார்" என்ற தொடர் தவறாமல் வரும். பொய்யன்று. ஆயினும், ஆண் நாவலாசிரியர் எவரையும் நாம் இவ்வாறு பாராட்டியதில்லை; அவர்க்கும் பிள்ளைகள் இருந்தனர். அன்றியும், இத்தொடர் அம்மையார் எப்படிப் பொழுது பெற்றார் என்பதை மறைத்துவிடுகிறது. அவர் வீட்டில் கணவர் பார்த்தசாரதி துணைநின்றார். மாமியார் தெலுங்கு கற்பித்தார். கூட்டுக் குடும்பத்தில் அடுப்பைப் பார்க்கவும் பிள்ளையைப் பார்க்கவும் வேறு கைகள் இருந்தன. எழுதும் கையே முதலில் தோழியின் கைதான். மனத்துணிவு ஒருபுறம் இருக்கட்டும். பல கைகள் சேர்ந்தே அந்த எழுத்தைச் சாத்தியமாக்கின. அவருடைய நாவல்களில் காணும் குறைகளுக்கும், ஆதாவது எதிர்பாராச் சந்திப்புகள், நீண்ட அறவுரைகள், ஒருவரே மாறுவேடத்தில் மீண்டும் வருவது ஆகியவற்றுக்கும், வாய்மொழிக் கதையின் பழக்கம் ஓரளவு காரணம். கேட்போர் எதிரே இருக்கையில் கதை சொல்பவர்க்கு இவை தேவையான உத்திகள். அச்சில் வந்தபோது அவை சலிப்பூட்டின. இதைச் சொல்லாமல் விட்டால் திறனாய்வாகாது.

வாயாற் சொல்லப் பிறர் எழுதுவது நமக்கு மட்டும் உரியதன்று. மராத்தியில் பகிணாபாய் சௌதரி, எழுதப் படிக்க அறியாத உழவர் குலப் பெண். முப்பது வயதளவில் கணவரை இழந்து மூன்று பிள்ளைகளை வளர்த்தவர். திரிகை அரைக்கும்போதும் வயலில் நிற்கும்போதும் அவர் பாடியவற்றை மகன் சோபான்தேவ் எழுதி வைத்தார். 1951-இல் தாய் மறைந்தார். 1952-இல் நூல் வந்தது. மராத்தி இலக்கியத்தில் அவர்க்கு நிலைத்த இடம் கிடைத்தது. வங்கத்தில் ராசசுந்தரி தேவி, பன்னிரண்டு பிள்ளைகளைப் பெற்றவர், மகன் எழுதிப் பழகிய ஏட்டை ஒளித்துவைத்து, சமையற்கட்டில் அதன் எழுத்துகளைச் சைதன்ய பாகவதத்தின் ஒரு தாளோடு ஒப்பிட்டு ஒப்பிட்டே படிக்கக் கற்றார். பின்னர்த் தம் வரலாற்றைத் தாமே எழுதினார். வங்காளியின் முதல் தன்வரலாறாக அது மதிக்கப்பெறுகிறது. பிள்ளைகள் தாயின் பொழுதைத் தின்பவர்கள் என்றே பேசுகிறோம். இவ்விருவரிடமும் பிள்ளையின் ஏடும் பிள்ளையின் கையும் தாய்க்குத் தமிழில் நாம் சொல்லும் 'புரந்தரும்' வேலையைச் செய்தன.

நம் காலத்துக்கு வந்தால் சல்மாவைச் சொல்ல வேண்டும். 1968-இல் துவரங்குறிச்சியில் பிறந்தவர். பருவமெய்தியதும் பள்ளி நின்றது. மணத்துக்குப் பின், வீடு உறங்கியபின், குளியலறையில் நின்றுகொண்டு கிடைத்த தாள்களில் எழுதி, ஒளித்து வைத்தார். அவற்றை வெளியே கொண்டு சேர்த்தவர் அவருடைய தாய். புனைபெயரே மறைவுக்காகக் கொண்டது. அவருடைய முதற் கவிதை நூல் 2000-இல் வந்தது. அக்கவிதைகளின் குறுகிய அடிகளையும் தயங்கி நிற்கும் முடிவுகளையும் புதுக்கவிதையின் பொதுப்போக்கு என்று சொல்லிவிடலாம். எனக்கு அவை நின்றுகொண்டு எழுதியவர் கவிதைகளாகவே தோன்றுகின்றன. பின்னர் 2004-இல் வந்த பெருநாவலுக்கு அவர் இட்ட பெயர் 'இரண்டாம் ஜாமங்களின் கதை'. இரவை நான்காகப் பகுத்தால் இரண்டாம் சாமம் நள்ளிரவை ஒட்டி நிற்கும். பிள்ளைகள் உறங்கிவிட்ட, ஆனால் அவள் இன்னும் உறங்காத பொழுது. தமிழ் நாவல்களுக்கு ஊரின் பெயரும் பெண்ணின் பெயரும் இட்டிருக்கிறோம். இந்நாவலின் பெயரில் அவள் பொழுது நிற்கிறது.

அம்பையின் 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை' இவ்வரிசையில் சற்று விலகி நிற்கும். சமையலிலேயே செலவாகிப்போன மனம் வேறு என்னவெல்லாம் ஆகியிருக்கலாம் என்று அது கேட்கிறது. கூர்மையான கதை; தமிழாசிரியர் யாவரும் படிக்க வேண்டியது. ஆயினும் அது எடுத்துக்கொண்டது அடுப்பு. அடுப்பை வெறுக்கலாம், அணைத்துவிட்டு நடக்கலாம். பிள்ளையை அவ்வாறு செய்ய முடியாது; செய்ய மனமும் வராது. பொழுதைப் பறிப்பதும் அதுவே, அன்பைப் பெறுவதும் அதுவே என்னும் அந்த இரட்டை நிலையை முழுமையாக எழுதிய தமிழ்க் கதையை நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

நம் இதழ்களும் போட்டிகளும் இதில் செய்யக்கூடியது உண்டு. நாவலுக்கும் நீண்ட சிறுகதைக்குமே பெரும்பரிசு. இரண்டு பக்கத்துக் குறிப்பும் பத்து அடிக் கவிதையும் 'பயிற்சி' என்று ஓரங்கட்டப்படுகின்றன. துண்டுப் பொழுதில் பிறந்த வடிவத்தை முழுப்பொழுதின் அளவுகோலால் அளப்பது முறையன்று. தாலாட்டை அறிந்த மொழிக்கு இது தெரிந்திருக்க வேண்டும். ஆனால் தாலாட்டும் குறைந்து வருகிறது. இந்நாட்டில் பல வீடுகளில் ஏணைக்கு மின்விசை பூட்டியாயிற்று. அது தானே ஆடும். தாயின் கைகள் விடுபட்டன. அந்தக் கால்மணியை என்ன செய்கிறாள் என்று ஒரு பெண்ணிடம் கேட்டேன். "துணி மடிக்கிறேன்" என்றார்.

இக்கட்டுரையின் பாதியை எழுதியிருந்தபோது அந்த ஆசிரியையை மீண்டும் கண்டேன். பட்டம்மாளைப் பற்றிச் சொன்னேன். அவர் அப்போது ஒன்றும் பேசவில்லை. இரண்டு வாரம் கழித்துக் கைப்பேசியில் ஓர் ஒலிப்பதிவு அனுப்பினார். சின்னவனை உறங்கவைத்துக்கொண்டே மெல்லிய குரலில் ஒரு கதை சொல்லியிருக்கிறார், பதினான்கு நிமிடம். ஆயாக் கொட்டகையில் வளர்ந்த தம் பாட்டியின் கதை. நடுவில் இருமுறை பிள்ளை அழுகிறது. அவர் நிறுத்தி, தட்டிக்கொடுத்து, விட்ட இடத்திலன்றி வேறோரிடத்திலிருந்து தொடங்குகிறார். "எழுதித் தர ஆள் கிடைக்குமா ஐயா?" என்று கீழே ஒரு வரி.

ஓய்வுபெற்றவன் எனக்கு என்ன வேலை? உட்கார்ந்து எழுதினேன். முதல் ஏழு நிமிடம் முடிந்தது. அழுகை வரும் இடத்தை எழுதுவதா விடுவதா என்று கேட்டு அனுப்பினேன். எழுதுங்கள் என்று பதில் வந்தது, இரவு பன்னிரண்டு மணிக்கு.